சொந்தமாகச் செய்யும் ஸ்விங் ஆர்முக்கு எந்த பேரிங் போடுவது?

மியான்மரின் மோல்மேனில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. 150 சிசி வண்டி ஒன்றுக்குப் பின்சக்கரத்தை 8 செ.மீ. பின்னால் தள்ளிப் புது ஸ்விங் ஆர்ம், அதாவது பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை, செய்கிறார். முடோன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றும் வண்டி. நடைக்கு 60 வீசை, அதாவது கிட்டத்தட்ட 100 கிலோ. சேசிஸில் ஆர்ம் உட்காரும் இடத்தின் உள் அகலம் 200 மி.மீ., ஆர்ம் ஆடுவதற்கு அச்சாகக் குறுக்கே போகும் பிவோட் போல்ட் 15 மி.மீ. பழைய ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் பக்கத்துக்கு ஒரு 6202 பால் பேரிங் போடலாமா, ஊசி பேரிங் போடலாமா, பித்தளை புஷ் போதுமா என்று கேட்கிறார். பின்னாலுள்ள இரண்டு சாக்கை (ஷாக் அப்சார்பரை) எடுத்துவிட்டு நடுவில் ஒற்றைச் சாக் வைக்கும் யோசனையும் இருக்கிறதாம்.

தம்பி, 6202 வேண்டாம். கடையில் சுலபமாகக் கிடைக்கிறது, உள் துளையும் 15 மி.மீ. என்பதால் போல்ட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. அதனால்தான் பலரும் அதை எடுக்கிறார்கள். ஆனால் அது சுற்றுவதற்காகச் செய்த பேரிங். ஸ்விங் ஆர்ம் சுற்றுவதில்லை, ஆடுகிறது. ஆர்ம் 580 மி.மீ. நீளம், சக்கரத்தின் ஏற்ற இறக்கம் 90 மி.மீ. என்றால் முழு ஆட்டமே 9 டிகிரிக்குள் முடிந்துவிடும். 6202-இல் பக்கத்துப் பக்கத்துக் குண்டுகளுக்கு நடுவே 45 டிகிரி இடைவெளி. ஒவ்வொரு குண்டும் தன் இடத்திலேயே சில டிகிரி மட்டும் முன்னும் பின்னும் உருண்டுகொண்டிருக்கும். அந்தச் சின்ன இடத்திலிருந்து கிரீஸ் ஒதுங்கிப் போனால் திரும்பி வராது. இரும்பும் இரும்பும் உரசி, செம்பழுப்புப் பொடி வரும், பிறகு பள்ளம் விழும். பேரிங்கைக் கழற்றிக் கையில் சுற்றிப் பார்த்தால் கடக், கடக் என்று படிப்படியாக நிற்பது இதனால்தான்.

பாரக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஸ்விங் ஆர்ம் பேரிங்கைக் கெடுப்பது ஏற்றும் மூட்டைதான் என்று நினைக்கிறோம். இரண்டு சாக்கும் ஆக்சிலை ஒட்டி இருக்கும் வண்டியில் மூட்டையின் பாரம் பெரும்பாலும் நேராகச் சாக்குக்குப் போய்விடுகிறது. பிவோட்டை அடிப்பது செயின். இஞ்சின் டார்க் 12 நியூட்டன் மீட்டர், இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலான பிரைமரி விகிதம் 3.3, முதல் கியர் விகிதம் 2.9 என்று வைத்தால் முன் ஸ்ப்ராக்கெட் தண்டில் 115 நியூட்டன் மீட்டர் வருகிறது. 428 செயினில் 15 பல் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் 30.5 மி.மீ. ஆகச் செயின் இழுப்பு ஏறக்குறைய 3.8 கிலோ நியூட்டன். சக்கரம் தரையைத் தள்ளுவதால் வரும் விசை, பின் ஸ்ப்ராக்கெட் 42 பல் என்றால், இன்னொரு 1.1. இரண்டும் சேர்ந்து ஆர்மை முன்னால் பிவோட்டில் அழுத்துகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது செயின் இடது பக்கம் இருப்பது. பேரிங்குகள் ஒன்றுக்கொன்று 166 மி.மீ. தள்ளியும், செயின் நடுக்கோட்டிலிருந்து 70 மி.மீ. இடதிலும் இருந்தால், செயின் இழுப்பில் 92 சதவீதம் இடது பேரிங்கின் தலையில் விழும். தரைத்தள்ளலில் பாதியும் சேர்த்தால் இடது பேரிங்கில் மட்டும் சுமார் 4 கிலோ நியூட்டன். 6202-இன் நிலைப்பாரத் தாங்குதிறன், அதாவது சுற்றாமல் நிற்கும்போது தாங்கும் பாரம், 3.75 கிலோ நியூட்டன்தான். ஏற்றத்தில் பாரத்தோடு கிளட்சைச் சட்டென்று விட்டாலே அந்த எல்லை தாண்டிவிடுகிறது. குழியில் விழும் அடி இன்னும் கணக்கில் சேரவில்லை.

ஊசி பேரிங்கில் பாரம் ஒரு புள்ளியில் விழாமல் கோடாக விழுகிறது. மெல்லிய தகட்டு ஓட்டுக்குள் ஊசிகள் அடுக்கிய எச்கே 2016 என்ற அளவை எடுத்துக்கொள்ளுங்கள்: உள் விட்டம் 20, வெளி விட்டம் 26, அகலம் 16. நிலைப்பாரத் தாங்குதிறன் 15 கிலோ நியூட்டனுக்குக் குறையாது. இந்த மாதிரி மெல்லோட்டு பேரிங்குக்குத் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாரம் தரக் கூடாது என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. 4-க்கு 15, சரியாக இருக்கிறது. இதே அளவு ஜப்பானியக் கம்பெனிகளில் வேறு பெயரில் வரும். ஐகேஓவில் டிஎல்ஏ 2016 இசட். பெயரை விட்டு அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் ஊசி பேரிங் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பெரும்பாலான ஆர்ம்கள் கெட்டுப்போகின்றன. எச்கே வகையில் உள் வளையம் கிடையாது. ஊசிகள் நேராக, நீங்கள் போல்ட்டின் மேல் போடும் ஸ்லீவ் என்ற குழாயின் மேல் ஓடுகின்றன. அந்த ஸ்லீவ்தான் பேரிங்கின் மறுபாதி. சாதாரண இரும்புக் குழாயைக் கடைந்து போட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் ஊசி ஊசியாகக் கோடு விழுந்துவிடும். ஸ்டெயின்லெஸ் என்று பளபளப்பாகப் போடுவதும் அப்படியே. துரு பிடிக்காது, ஆனால் பதம், அதாவது கடினம், இல்லை. மேற்பரப்பின் கடினம் ராக்வெல் சி அளவில் 58-க்குக் குறையக் கூடாது, சாணை பிடித்து வழவழப்பாக இருக்க வேண்டும், அளவு 19.987-க்கும் 20.000-க்கும் நடுவில் நிற்க வேண்டும். பட்டறையில் பதம் சோதிக்கக் கருவி இல்லையென்றால் புது அரத்தை அதன் மேல் இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் சரி. பிடித்துச் சுரண்டினால் அது வேண்டாம்.

இதைச் செய்விப்பதைவிட வாங்குவது நல்லது. 15 × 20 × 23 மி.மீ. அளவில் பதம் ஏற்றிச் சாணை பிடித்த இன்னர் ரிங் தனியாக விற்கிறது. என்ஏ 6902 பேரிங்கின் உள் வளையம் அதே அளவு. அந்த பேரிங்கை வாங்கி வளையத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் சரி. உங்கள் போல்ட் 15 என்பதால் அப்படியே நுழையும். கார் இஞ்சினின் பிஸ்டன் பின்னை ஸ்லீவாகப் போடுகிறவர்களும் உண்டு; பதம், சாணை இரண்டும் அதில் முதல் தரம். 20 மி.மீ. பின்னில் துளை பெரும்பாலும் 12, 13 தான் இருக்கும், உள்ளேயும் பதம் இருந்தால் டிரில் இறங்காது. சின்ன போல்ட் வண்டிக்கு அது நல்ல வழி, உங்களுக்கு ஆகாது.

இப்போது உங்கள் 200 மி.மீ. அகலத்தை இப்படிப் பிரிக்கலாம். இரண்டு ஓரத்திலும் சேசிஸை ஒட்டி 3 மி.மீ. கனத்தில் பதம் ஏற்றிய இரும்பு வாஷர், துளை 15, வெளி விட்டம் 36. மிச்சம் 194. இரண்டு பக்கமும் 23 மி.மீ. இன்னர் ரிங், நடுவில் 148 மி.மீ. ஸ்பேசர் குழாய். ஸ்பேசரின் வெளி விட்டம் 19-ஐத் தாண்ட வேண்டாம், இரண்டு முனையும் லேத்தில் ஒரே செட்டிங்கில் நேராக வெட்டியிருக்க வேண்டும். பிவோட் நட்டை முறுக்கும்போது சேசிஸ், வாஷர், ரிங், ஸ்பேசர், ரிங், வாஷர், சேசிஸ் எல்லாம் ஒரே தண்டாக இறுகிவிடும். ஆர்ம் அதன் மேல் ஊசிகளில் மட்டும் ஆட வேண்டும். நட்டை முழு டார்க்கில் முறுக்கியதும் ஆர்ம் இறுகினால் ஸ்பேசர் குட்டை. நட்டைத் தளர்த்தி ஓட்டுவது தீர்வு இல்லை. தளர்ந்தால் ரிங் போல்ட்டின் மேலேயே சுற்றி போல்ட்டை அரித்துவிடும்.

ஆர்மின் பிவோட் குழாய் நீளம் 189.8. எப்படி வருகிறது என்றால், 194-இல் இரண்டு பக்கமும் 2 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் வாஷர், அதற்குமேல் 0.2 பக்க ஆட்டம். 0.1 முதல் 0.3 வரை இருக்கலாம். ஊசி பேரிங் பக்கவாட்டு விசையைத் துளியும் தாங்காது, அதைத் தாங்குவது இந்த வாஷர்கள். இவற்றை மறந்துவிட்டால் குழாயின் விளிம்பு சேசிஸைத் தின்ன ஆரம்பிக்கும், வளைவில் பின்பக்கம் தனியாக அசைவது போல் தெரியும். பக்கத்துக்கும் ஊசி வகை வாஷர் போடலாமா என்று யோசிக்க வேண்டாம், சேற்றுக்கு அது சரிப்படாது.

23 மி.மீ. ரிங்கின் மேல் வெளியிலிருந்து உள்ளே போனால்: 2 மி.மீ. பிரான்ஸ் வாஷர், 4 மி.மீ. சீல், 16 மி.மீ. பேரிங். மொத்தம் 22, ஒரு மி.மீ. மிச்சம். சீலின் அளவு 20 × 26 × 4. பேரிங்கின் வெளி விட்டமே சீலுக்கும் என்பதால் தனிப் படி கடைய வேண்டியதில்லை. சீலின் உதடு வெளியே பார்த்தபடி இருக்கட்டும். அப்போது கிரீஸ் அடிக்கும்போது பழைய கிரீஸ் வெளியே வரும், தண்ணீர் உள்ளே போகாது. மோன் மாநிலத்தின் மழையில், மே தொடங்கி அக்டோபர் வரை வண்டி தினமும் செம்மண் சேற்றில் ஓடும்போது, பேரிங்கின் தரத்தைவிட இந்தச் சீல்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சீலில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

குழாயை வெல்டிங் செய்வதற்கு முன் 26-க்குக் கடைந்து வைக்காதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். வெல்டிங் சூட்டில் துளை முட்டை வடிவமாகும், குழாய் வாழைப்பழம் போல் வளையும். தகட்டு ஓடு மெல்லியது. துளை என்ன வடிவமோ அந்த வடிவத்தை அதுவும் எடுத்துக்கொள்ளும். 38 மி.மீ. வெளி விட்டமுள்ள தையலில்லாத குழாயை எடுத்து, உள்ளே 25.5-க்குக் கடைந்து, நீளத்தில் ஒரு மி.மீ. கூடுதலாக விட்டு, ஜிக்கில் பூட்டி வெல்டிங் முடியுங்கள். முழுதாக ஆறிய பிறகு இரண்டு பேரிங் இருக்கையையும் நடுத்துளையோடு சேர்த்து ஒரே செட்டிங்கில், ஒரே கம்பியில் போர் அடியுங்கள். இருக்கை அளவு 25.972 முதல் 25.993 வரை, அதாவது பொருத்த அளவுக் குறியீட்டில் என்7. ஆர்ம் அலுமினியம் என்றால் இன்னும் இறுக்கமாக 25.959 முதல் 25.980 வரை, ஆர்7. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட அதிகம் விரியும், பிடிப்பு விட்டுவிடும்.

கடையிலிருந்து வந்த எச்கே பேரிங்கை மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டு, வட்டமாக இல்லை, போலி என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தனியாக இருக்கும்போது அது வட்டமாக இருக்காது. சரியான இருக்கையில் அழுத்திய பிறகுதான் வட்டத்துக்கு வரும். அழுத்திய பின் உள் அளவு 20.02-க்கும் 20.04-க்கும் நடுவில் வர வேண்டும்.

அழுத்துவதற்குச் சுத்தியலை எடுக்காதீர்கள். 19.9 மி.மீ. வழிகாட்டி மூக்கும் 25.5 மி.மீ. தோளும் உள்ள ஒரு தள்ளுகட்டையைக் கடைந்து, நீளமான ஸ்டட் கம்பியில் நட் போட்டு மெதுவாக இழுங்கள். எழுத்து பொறித்த முகம்தான் தள்ளும் முகம், அது வெளியே பார்க்கட்டும். துளை வாயில் 15 டிகிரி சரிவு வைத்துப் பிசிறை எடுத்திருக்க வேண்டும். விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே போனதும் நிறுத்துங்கள், மீதி சீலுக்கு. இரண்டும் உட்கார்ந்த பின் சாணை பிடித்த 20 மி.மீ. கம்பியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் விடுங்கள். விரலால் தள்ளினால் போய்வர வேண்டும். இரண்டாவது பேரிங்கில் முட்டினால் இருக்கைகள் ஒரே கோட்டில் இல்லை. தட்டி நுழைத்து ஓட்டினால் ஊசிகளின் முனையில் மட்டும் பாரம் விழுந்து, முனைகளிலேயே ஓடு பிளக்கும். ஒருமுறை அழுத்திய எச்கே பேரிங்கை வெளியே எடுத்தால் மறுபடி போடக் கூடாது என்பதால் கம்பிச் சோதனையைப் பேரிங் இல்லாமல் 25.95 மி.மீ. கட்டையை வைத்து முதலிலேயே செய்துவிடுவது மேல்.

கிரீஸ் நிப்பிளை எல்லோரும் குழாயின் நடுவில் ஒன்று வைக்கிறார்கள். 26 துளைக்கும் 19 ஸ்பேசருக்கும் இடையிலுள்ள வெற்றிடம் கிட்டத்தட்ட 37 கன செ.மீ. அது நிரம்பிய பிறகுதான் பேரிங்குக்கு ஒரு சொட்டு போகும், அதற்குள் அடிப்பவர் கை ஓய்ந்துவிடும். பக்கத்துக்கு ஒரு நிப்பிள், பேரிங்கின் உள் விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி வையுங்கள். பூட்டும்போதே நடு வெற்றிடத்தையும் கிரீஸால் நிரப்பிவிட்டால் தண்ணீர் தேங்க இடம் இருக்காது. தண்ணீரில் கழுவிப்போகாத கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ், அல்லது படகுக்காரர்கள் வாங்கும் மரைன் கிரீஸ், கெட்டிமை எண் 2. சித்திரை முடிந்து மழை இறங்குவதற்கு முன் ஒருமுறை, தீபாவளியை ஒட்டி மழை விட்டதும் ஒருமுறை, நடுவில் மாதம் ஒருமுறை, சீல் உதட்டில் புது கிரீஸ் தெரியும்வரை அடித்தால் போதும்.

புஷ்ஷைப் பற்றிக் கேட்டீர்கள். பித்தளை வேண்டாம், அது சீக்கிரம் தேயும். பாஸ்பர் பிரான்ஸ் அல்லது கன்மெட்டல் கேளுங்கள். 20/26 மி.மீ., 25 நீளம் என்றால் இதே 4 கிலோ நியூட்டனுக்கு ஒரு சதுர மி.மீட்டருக்கு 8 நியூட்டன்தான் வருகிறது. பிரான்ஸுக்கு அது ஒன்றுமே இல்லை. அடி தாங்கும், பள்ளம் விழாது, தேய்ந்தால் மோல்மேனிலேயே கடைந்துகொள்ளலாம். பிரிட்டிஷ் நார்ட்டன் கமாண்டோ 750 சிசி வண்டியே எண்ணெய் ஊறிய பிரான்ஸ் புஷ்ஷில்தான் ஓடியது. இருக்கையில் அழுத்திய பிறகு 20.03–20.06-க்கு ரீமர் போடுங்கள், கிரீஸ் ஓட ஒரு காடி வெட்டுங்கள், ஸ்லீவுக்கு அதே பதம் ஏற்றிய ரிங்கைப் போடுங்கள். இந்த 23 மி.மீ. ரிங் அதற்குக் குட்டை என்பதால் புஷ்ஷை 16-க்குக் குறைக்க வேண்டும், குறைத்தாலும் 12.5 நியூட்டன்தான். உங்கள் ஊரில் இருக்கையை என்7-க்குப் போர் அடிக்கக்கூடிய லேத் பட்டறை இல்லையென்றால் யோசிக்காமல் பிரான்ஸ் புஷ்ஷுக்கே போங்கள். கோணலான இருக்கையில் உட்கார்ந்த ஊசி பேரிங்கைவிட நன்றாக ரீமர் போட்ட புஷ் பல மடங்கு நாள் வரும். கிரீஸ் மட்டும் தவறக் கூடாது.

பழைய ரப்பர் புஷ்ஷையும் இளப்பமாக நினைக்க வேண்டாம். கென்போ, ஹோண்டா வேவ் வகை வண்டிகளில் அது இருப்பதற்குக் காரணம் உண்டு: கிரீஸ் வேண்டாம், சேறு நுழையாது, ரப்பரே முறுக்கிக்கொண்டு ஆடுகிறது. நீண்ட ஆர்மில் பாரத்தோடு பக்கவாட்டில் நெளியும் என்பதுதான் குறை. அதைப் போட்ட வண்டியில் பிவோட் நட்டை, சக்கரம் தரையில் நிற்கும்போது முறுக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழிந்துவிடும். கூம்பு உருளை பேரிங், பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர் வண்டிகளில் இருப்பது, நல்லதுதான். இறுக்கத்தைச் சரிசெய்யத் தனி ஏற்பாடு வேண்டும், உங்கள் வேலைக்கு அவ்வளவு தேவையில்லை.

ஒற்றைச் சாக் யோசனையை விட்டுவிடுங்கள். பின்சக்கரத்தில் 2000 நியூட்டன் பாரம், பிவோட்டிலிருந்து 150 மி.மீ. தள்ளிச் சாக் என்றால், 580 மி.மீ. நெம்புகோலில் சாக்குக்கு 7700 நியூட்டன், பிவோட்டுக்கு 5700. வண்டி அசையாமல் நிற்கும்போதே இவ்வளவு. குழியில் விழுந்தால் இரண்டு மூன்று மடங்கு. அதற்குமேல் செயின் இழுப்பு. அந்த வடிவமைப்புக்கு 25 × 32 × 20 அளவுள்ள எச்கே 2520, அதற்கேற்ற தடித்த குழாய், சேசிஸில் புதுத் தாங்கு என்று எல்லாம் மாற வேண்டும். மூட்டை வண்டிக்கு ஆக்சிலை ஒட்டிய இரண்டு சாக்தான் பொருத்தம்.

ஓட ஆரம்பித்த பிறகு சோதிக்க, சாக்கின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை எடுத்துவிட்டு, ஆர்மின் பின்முனையைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 580-ஐ 166-ஆல் வகுத்தால் மூன்றரை. ஆகவே பின்முனையில் 1 மி.மீ. ஆட்டம் தெரிந்தால் பேரிங்கில் 0.3 மி.மீ. இடைவெளி விழுந்துவிட்டது, மாற்றும் நேரம். மாற்றும்போது இடது ரிங்கை முதலில் துடைத்துப் பாருங்கள். பின்பக்கமாகக் கோடு கோடாகத் தெரிந்தால் அது செயின் வேலை, பாரமோ பதமோ பொருந்தவில்லை. சுற்றிலும் சிவந்த துரு இருந்தால் சீல் விட்டிருக்கிறது. ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் இருக்கை கோணல், புது பேரிங் போட்டாலும் அதே கதிதான். குழாயை மறுபடி போர் அடித்து 28 மி.மீ. வெளி விட்டமுள்ள 22 மி.மீ. எச்கே அளவுக்கு மாறிக்கொள்ளலாம், ரிங்கும் அதற்கேற்ப மாறும், 38 மி.மீ. குழாயில் சுவர் 5 மி.மீ. மிச்சம் இருக்கும்.